ஆப்பிள் கிரம்பிள்: மேலே மொறுமொறு, கீழே குழைவு

இலையுதிர் காலத்தில் ஆப்பிள், பேரிக்காய், பிளம்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். அவற்றை வைத்துச் செய்யும் இனிப்புகளில் கிரம்பிள் அளவுக்கு எளிதானது வேறில்லை. முட்டை வேண்டாம், ஈஸ்ட் வேண்டாம், மாவைத் திரட்டித் தேய்க்கும் வேலையும் கிடையாது. நறுக்கிய பழத்தைப் பாத்திரத்தில் பரப்பி, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் பிசிறிய டாப்பிங்கை மேலே தூவி, ஓவனில் வைத்து எடுக்க வேண்டியதுதான்.

இவ்வளவு எளிதாக இருந்தும் பலருக்கு இது சொதப்புகிறது. அதுவும் பெரும்பாலும் ஒரே மாதிரி சொதப்புகிறது. மேலே நிறம் அழகாக வந்திருக்கும். கரண்டியை உள்ளே விட்டால் டாப்பிங்குக்கும் பழத்துக்கும் நடுவில் வெளிறிப்போய், பசை மாதிரி ஓர் அடுக்கு கிடக்கும். பழத்தின் நீர் மேலே ஏறி, வேகாத மாவில் ஊறியதால் வரும் கோளாறு அது. கீழே உள்ள நீரைக் கட்டுக்குள் வைப்பது, மேலே உள்ள மாவை நீர் குடிக்காதபடி வெண்ணெயால் காப்பது: இந்த இரண்டும் கைகூடிவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும். கீழே வரும் அளவுகளும் நேரங்களும் அதை மனதில் வைத்துச் சொன்னவைதான்.

அளவுகள்

20 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. ஆழமும் உள்ள பாத்திரத்துக்கு இந்த அளவு. ஆறு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

பழத்துக்கு:
ஆப்பிள் 1 கிலோ (தோலும் நடுப்பகுதியும் நீக்கினால் சுமார் 800 கிராம் தேறும்)
சர்க்கரை 60 கிராம்
கார்ன்ஃப்ளார் 1 மேசைக்கரண்டி
எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி
பட்டைத் தூள் 1 தேக்கரண்டி
உப்பு 1 சிட்டிகை

டாப்பிங்குக்கு:
மைதா 150 கிராம்
ரோல்டு ஓட்ஸ் 50 கிராம்
பிரவுன் சுகர் 90 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு
உப்பு கால் தேக்கரண்டி

கப் கணக்கைவிடத் தராசுதான் இங்கே நம்பகமானது. மைதாவை அழுத்தி அள்ளினால் ஒரு கப்பிலேயே 20, 30 கிராம் கூடிவிடும்; அந்தக் கூடுதல் மாவு வெண்ணெய் போதாமல் வறண்டு, சாப்பிடும்போது வாயில் பச்சை மாவாக ஒட்டும். உப்பு சேர்த்த வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் டாப்பிங்கில் தனியாக உப்பு போட வேண்டாம். கார்ன்ஃப்ளார் என்று இங்கே சொல்வது வெள்ளையாக, நைஸாக இருக்கும் ஸ்டார்ச் மாவு. மஞ்சள் மக்காச்சோள மாவு இதற்கு உதவாது. தானாகப் பொங்கி எழும் செல்ஃப் ரெய்சிங் மாவைத் தவிர்த்துவிடுங்கள். டாப்பிங் மொறுமொறுப்பாக வராமல் கேக் மாதிரி மெத்தென்று ஆகிவிடும்.

ஓட்ஸ் பிடிக்காதவர்கள் அந்த 50 கிராமுக்குப் பதில் மைதாவே சேர்க்கலாம், அல்லது பாதாம், வால்நட் போன்றவற்றைப் பெரிதாக உடைத்துப் போடலாம். பொடியாக நறுக்கிய பருப்புகள் 45 நிமிடச் சூட்டில் கருகிக் கசந்துவிடும். உடனடி ஓட்ஸ் தூளாகக் கரைந்து போகும். ஸ்டீல்-கட் ஓட்ஸ் கடைசிவரை கல் மாதிரி இருக்கும். ரோல்டு ஓட்ஸ்தான் சரி.

எந்த ஆப்பிள்?

ஓவன் சூட்டில் எல்லா ஆப்பிளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கிரானி ஸ்மித், பிரேபர்ன், பிங்க் லேடி, ஹனிகிரிஸ்ப் போன்றவை வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். பிராம்லியும் மெக்கின்டாஷும் கரைந்து கூழாகிவிடும். ரெட் டெலிஷியஸ் பச்சையாகச் சாப்பிடச் சரி. சுட்டால் சுவையே இல்லாமல் மாவு மாதிரி ஆகும், அதை விட்டுவிடலாம். காலாவும் ஃபூஜியும் இனிப்பு மட்டும்தான், புளிப்பு குறைவு. அவற்றை மட்டும் போட்டால் எலுமிச்சைச் சாற்றை இரண்டு மேசைக்கரண்டியாக்கி, சர்க்கரையை 40 கிராமுக்குக் குறைக்க வேண்டும்.

ஒரே வகையைப் போடுவதைவிட இரண்டு வகை கலப்பது எப்போதும் மேல். மூன்றில் இரண்டு பங்கு நிற்கும் ஆப்பிள், ஒரு பங்கு கரையும் ஆப்பிள் என்று போட்டால், கரைந்தது குழம்பாகி மற்ற துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். கார்ன்ஃப்ளாரையும் அரை மேசைக்கரண்டியாகக் குறைத்துவிடலாம். முழுக்க பிராம்லியாகப் போடுவதென்றால் அதன் புளிப்புக்குச் சர்க்கரை 110 கிராமாவது வேண்டும். எலுமிச்சை வேண்டவே வேண்டாம்.

வகையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பழம் ஒன்றாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பருவத் தொடக்கத்தில் மரத்திலிருந்து பறித்த ஆப்பிளில் சாறு அதிகம், புளிப்பு தூக்கலாக இருக்கும். அதே ஆப்பிள் சில மாதம் கிடங்கில் இருந்தால் அதன் ஸ்டார்ச் சர்க்கரையாக மாறி, புளிப்பு இறங்கி, சதையும் தளர்ந்துவிடும். அதனால் சர்க்கரை போடும் முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பது அவசியம். மேலே சொன்ன 60 கிராம் மிதமான புளிப்புக்கு. முகம் சுளிக்கும் புளிப்பு என்றால் 20 கிராம் கூட்டுங்கள், நல்ல இனிப்பென்றால் 20 கிராம் குறையுங்கள். டாப்பிங்கிலும் சர்க்கரை இருக்கிறது என்பதால் பழம் கொஞ்சம் புளிப்புப் பக்கம் நிற்பதே நல்லது.

பழத்தைத் தயார் செய்தல்

முதல் வேலையாக ஓவனை 180 டிகிரி செல்சியஸில் போடுங்கள். ஃபேன் ஓவன் என்றால் 160. பழம் நறுக்கி முடிக்கும் நேரத்தில் சூடாகியிருக்கும்.

ஆப்பிளின் தோலைச் சீவி, நான்காகப் பிளந்து, விதைப் பகுதியையும் அதைச் சுற்றியுள்ள நார் போன்ற கெட்டிப் பகுதியையும் எடுத்துவிடுங்கள். பிறகு 2 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். அளவு ஒரே சீராக இருப்பது முக்கியம். மெல்லிய சீவலாகப் போட்டால் மேலே நிறம் வருவதற்குள் கீழே கூழாகிவிடும். பெரிய துண்டாகப் போட்டால் மேலே சிவந்த பிறகும் உள்ளே நறுக்கென்று கடிபடும். நறுக்கிய துண்டு பழுப்பாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பட்டையோடு வெந்த பிறகு அது கண்ணுக்கே தெரியாது. எலுமிச்சை இங்கே சுவைக்காகத்தான்.

சர்க்கரை, கார்ன்ஃப்ளார், பட்டைத் தூள், உப்பு நான்கையும் ஒரு கிண்ணத்தில் முதலில் உலர்வாகக் கலந்துகொள்ளுங்கள். கார்ன்ஃப்ளாரை நேரடியாகப் பழத்தின்மேல் கொட்டினால் ஆங்காங்கே கட்டி தட்டும். சர்க்கரையோடு கலந்து போட்டால் எல்லாத் துண்டிலும் ஒரே சீராகப் படியும். இந்தக் கலவையையும் எலுமிச்சைச் சாற்றையும் பழத்தோடு சேர்த்துப் பிசிறுங்கள். கார்ன்ஃப்ளார் கைவசம் இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி மைதா போடலாம், சாறு பளபளப்பாக வராமல் சற்றே கலங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

பழம் ரொம்பவும் சாறு நிறைந்தது என்று தெரிந்தால் இன்னொரு வழி இருக்கிறது. கார்ன்ஃப்ளார் சேர்க்காமல், சர்க்கரையும் எலுமிச்சையும் மட்டும் பிசிறி அரை மணி நேரம் வையுங்கள். சர்க்கரை சாற்றை வெளியே இழுக்கும். அதை வடித்து, சின்னப் பாத்திரத்தில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறியதும் கார்ன்ஃப்ளார் கலந்த பழத்தோடு திரும்பச் சேருங்கள். ஓவனுக்குள் நீர் குறைவாகப் போகும், சுவையோ அப்படியே இருக்கும். கொஞ்சம் கூடுதல் வேலைதான். நீர்த்துப்போன கிரம்பிள் அடிக்கடி வாய்க்கிறவர்களுக்கு இது கட்டாயம் பலன் தரும்.

பாத்திரம் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கட்டும். குறுகலான ஆழப் பாத்திரத்தில் டாப்பிங் தடிமனாகிவிடும், அதன் அடிப்பகுதிக்குச் சூடு எட்டாது. பீங்கான், கண்ணாடி, எனாமல் மூன்றுமே சரி. மேற்பூச்சு இல்லாத வெறும் அலுமினியம் வேண்டாம். புளிப்பான பழம் அதோடு வினைபுரிந்து உலோகச் சுவை ஏறும். கண்ணாடிப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்காதீர்கள், விரிசல் விடலாம்.

பழத்தைப் பரப்பும்போது விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. கீழே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் குவியாமல் சமமாக இருக்கட்டும்.

டாப்பிங்: வெண்ணெய் உருகக் கூடாது

முழு வேலையிலும் கவனம் வேண்டிய இடம் இதுதான். மாவும் சர்க்கரையும் கலந்த கலவையில் வெண்ணெய் சிறுசிறு கட்டிகளாகப் பரவியிருக்க வேண்டும். ஓவனில் அந்தக் கட்டிகள் உருகும்போது சுற்றியுள்ள மாவைப் பொரித்த மாதிரி மொறுமொறுவென்று ஆக்கும்; வெண்ணெயில் உள்ள சிறிதளவு நீர் ஆவியாகிப் போய் நடுவே இடைவெளிகளை விடும். பிசையும்போதே வெண்ணெய் உருகி மாவில் ஊறிவிட்டால் அந்த அமைப்பு உருவாகாது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரே தட்டையாகப் படிந்த டாப்பிங்தான் கிடைக்கும்.

மைதா, பிரவுன் சுகர், உப்பு மூன்றையும் அகலமான பாத்திரத்தில் கலந்து, சர்க்கரைக் கட்டிகளை உடைத்துவிடுங்கள். ஓட்ஸ் கடைசியில்தான். குளிர்ந்த வெண்ணெயை 1 செ.மீ. கட்டிகளாக நறுக்கி மாவில் போட்டு, எல்லாக் கட்டியிலும் மாவு ஒட்டும்படி ஒருமுறை புரட்டுங்கள்.

இப்போது உள்ளங்கை வேண்டாம், விரல் நுனி மட்டும் போதும். உள்ளங்கைச் சூடு வெண்ணெயை உடனே இளக்கிவிடும். ஒரு கட்டியை மாவோடு சேர்த்து எடுத்து, கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளின் மேல் ஒரு தேய் தேய்த்து, ஒரு சாண் உயரத்திலிருந்து பாத்திரத்தில் விடுங்கள். கட்டி தகடாக நசுங்கும், இரண்டு பக்கமும் மாவு பிடிக்கும். அடுத்த கட்டி, அடுத்தது என்று போய்க்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெள்ளை மாவு லேசாக மஞ்சள் தட்டும், உதிரி உதிரியாக மாறும். பட்டாணி அளவுக் கட்டிகள் சில மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். விரலில் பிசுக்கு ஒட்டத் தொடங்கினால் வெண்ணெய் இளகிவிட்டது என்று பொருள். பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் பெரிய உதிரியாக உதிர வேண்டும். பிடிபடாமல் தூளாகவே கொட்டினால் ஒரு தேக்கரண்டி குளிர்ந்த நீரைத் தெளித்து ஃபோர்க்கால் கிளறுங்கள். நீர் அதிகமானால் மாவு பிசைந்த மாவாக இறுகிவிடும் என்பதால் இரண்டு தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். ஓட்ஸைக் கலந்து, கை நிறைய எடுத்து லேசாகப் பிடித்து உடைத்து, கொஞ்சம் பெரிய கட்டிகளும் கொஞ்சம் உதிரியும் கலந்திருக்கும்படி செய்யுங்கள். எல்லாம் நைஸான தூளாக இருந்தால் பழத்தின் மேல் மணல் மாதிரி அடர்த்தியாகப் படிந்து ஆவியை அடைத்துவிடும். நடுவில் பசை அடுக்கு வர அதுவே போதும். கட்டிகளுக்கு இடையே சந்து இருந்தால்தான் பழத்தின் ஆவி வெளியேறும்.

பிறகு 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது என்பதே எங்கள் கருத்து. குளிர்ந்த டாப்பிங் ஓவன் சூட்டில் உருகிப் பரவும் முன்பே வெளிப்புறம் வெந்து உருவம் பிடித்துவிடும்.

கைச்சூடு அதிகம், அறையும் வெக்கை என்றால் வெண்ணெயை உருக்கியே செய்துவிடலாம். உருக்கி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, மாவில் ஊற்றி ஃபோர்க்கால் கிளறினால் கட்டி கட்டியாகத் திரளும். அதையும் அரை மணி நேரம் குளிர வையுங்கள். இது பொலபொலப்பு குறைந்து பிஸ்கட் மாதிரி கடினமாக வரும், நன்றாகவே இருக்கும். அரைகுறையாக இளகிய வெண்ணெய்தான் இரண்டு பக்கமும் உதவாது.

பால் பொருள் சேர்க்காதவர்கள் கட்டியாக விற்கும் தாவர வெண்ணெயை அதே அளவில் போடலாம். டப்பாவில் வரும் மென்மையான ஸ்ப்ரெட் வகைகளில் நீர் அதிகம், டாப்பிங் நமத்துப்போகும். உறைந்த தேங்காய் எண்ணெய் என்றால் 90 கிராம் போதும், ஏனென்றால் வெண்ணெயில் கிட்டத்தட்ட 80 சதவீதம்தான் கொழுப்பு, எண்ணெயோ முழுக்கக் கொழுப்பு.

ஓவனில்

டாப்பிங்கைப் பழத்தின் மேல் தூவுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வாருங்கள். நடுவில் கொட்டிப் பரப்பினால் அங்கேதான் தடிமனாக நிற்கும். ஒன்றரை செ.மீ. உயரம் போதும். கையால் அழுத்தவோ கரண்டியால் சமப்படுத்தவோ கூடாது. ஓரத்தில் ஓரிரு இடம் பழம் தெரியும்படி விட்டால் சாறு அந்த வழியாகக் கொதித்து வரும். மேலே ஒரு மேசைக்கரண்டி டெமராரா சர்க்கரை (பருமனான பழுப்புச் சர்க்கரை) தூவினால் கூடுதல் மொறுமொறுப்பு.

சாறு வழியலாம் என்பதால் அடியில் ஒரு ட்ரே வைத்து, நடுத்தட்டில் 45 நிமிடம் சுடுங்கள். பீங்கான் பாத்திரம் மெதுவாகச் சூடேறும், ஐந்து பத்து நிமிடம் கூட ஆகலாம். மேல் கம்பி அருகிலேயே இருக்கும் சின்ன ஓவன்களில் ஒரு தட்டு கீழே வைத்து, பாதி நேரத்தில் பாத்திரத்தைத் திருப்பிவிடுங்கள்.

நேரத்தைவிட நம்ப வேண்டியது ஓரத்தில் வரும் குமிழைத்தான். 25, 30 நிமிடத்தில் தண்ணீர் மாதிரி சின்னக் குமிழ்கள் வேகமாக வரும். அதைப் பார்த்து எடுத்துவிடக் கூடாது. கார்ன்ஃப்ளார் முழுதாக வெந்து கெட்டியாக, சாறு ஏறக்குறைய கொதிநிலையை எட்ட வேண்டும். அப்போது கலங்கலாக இருந்த சாறு பளபளப்பாகும், குமிழ்கள் பெரிதாக, மெதுவாக, தடித்து வெடிக்கும். ஓரத்தில் தொடங்கும் அந்தக் குமிழ் நடுப்பக்கமும் எட்டிப் பார்த்த பிறகு ஐந்து நிமிடம் விடுங்கள். நடுவில் கத்தியைச் செருகினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். டாப்பிங் நல்ல பொன்னிறத்தையும் தாண்டி, கட்டிகளின் முனை சிவந்திருக்க வேண்டும். வெளிர் மஞ்சளில் எடுத்தால் மாவு வாசனை போயிருக்காது.

மேலே நிறம் வந்துவிட்டது, பழம் வேகவில்லை என்றால் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போடுங்கள். ஓரங்களை இறுக்கி மூடாதீர்கள், மூடினால் ஆவி உள்ளே நின்று டாப்பிங்கை நனைத்துவிடும். இது ஒவ்வொரு முறையும் நடந்தால் உங்கள் ஓவன் காட்டும் அளவைவிடச் சூடாக ஓடுகிறது. ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழம் வெந்து மேலே இன்னும் வெளிறி இருந்தால் கடைசி ஐந்து நிமிடம் 200 டிகிரிக்கு ஏற்றுங்கள். கிரில் போட்டால் கண் இமைக்கும் நேரத்தில் சர்க்கரை கருகும், அருகிலேயே நிற்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் 20 நிமிடம் திறந்தபடியே விடுங்கள். சூட்டில் நீர்த்துத் தெரியும் சாறு ஆற ஆறத்தான் கெட்டிப்படும். சூட்டோடு சூடாக அள்ளிவிட்டு, நீர்த்துவிட்டது என்று அடுத்த முறை கார்ன்ஃப்ளாரை இரட்டிப்பாக்குகிறவர்கள் உண்டு. அப்போது கிடைப்பது கொழகொழ ஜெல்லிதான்.

மற்ற பழங்கள்

பேரிக்காய்: கையில் அழுத்தினால் லேசாக அமுங்கும், ஆனால் குழையாத பதத்தில் இருக்க வேண்டும். கான்ஃபரன்ஸ், பாஸ்க் வகைகள் உருவம் கெடாது. சர்க்கரை 40 கிராம் போதும், எலுமிச்சை இரண்டு மேசைக்கரண்டி. பட்டைக்குப் பதில் சுக்குத் தூள் அருமையாகச் சேரும்.

பிளம்ஸ்: கொட்டை நீக்கி நான்காக நறுக்கியது 800 கிராம், சர்க்கரை 100 கிராம், கார்ன்ஃப்ளார் இரண்டு மேசைக்கரண்டி. பிளம்ஸில் சாறு ஏராளம், தோலருகே நல்ல புளிப்பு, எலுமிச்சை தேவையில்லை.

ஆப்பிளும் பிளாக்பெர்ரியும்: ஆப்பிள் 600 கிராம், பெர்ரி 200 கிராம், கார்ன்ஃப்ளார் ஒன்றரை மேசைக்கரண்டி. உறைந்த பெர்ரியைக் கரையவிடாமல் அப்படியே போட்டு, பத்து நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். கரையவிட்டால் அதன் நீரெல்லாம் பாத்திரத்தின் அடியில்தான் நிற்கும்.

குவின்ஸ் (பேரிக்காய் போன்ற கடினமான பழம்) கிடைத்தால் மணம் அபாரம், ஆனால் பச்சையாகப் போட்டால் 45 நிமிடத்தில் வேகவே வேகாது. சர்க்கரை நீரில் மெதுவாக மென்மையாகும்வரை, ஒரு மணி நேரம் வரைகூட, வேகவைத்து வடித்துவிட்டு, ஆப்பிளோடு கலந்து போடுங்கள்.

முன்கூட்டியே செய்வதும் மிச்சமும்

பழத்தையும் டாப்பிங்கையும் சேர்த்துவைத்து மணிக்கணக்கில் காத்திருக்க வைக்காதீர்கள். சர்க்கரை சாற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், டாப்பிங்கின் அடி ஓவனுக்குப் போகும் முன்பே ஊறிவிடும். டாப்பிங்கைத் தனியாக மூடி ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள், ஃப்ரீசரில் இரண்டு மாதம் வைக்கலாம். உறைந்ததை உருகவிடாமல் அப்படியே உதிர்த்துத் தூவலாம். இலையுதிர் காலத்தில் பழம் அடிக்கடி கைக்கு வரும் என்பதால் இரண்டு மடங்காகச் செய்து பாதியை ஃப்ரீசரில் போட்டுவைப்பது நல்ல வழக்கம்.

பரிமாறும்போது குளிர்ந்த வெனிலா ஐஸ்கிரீம், கெட்டி கிரீம், சூடான கஸ்டர்ட் எதுவும் பொருந்தும். எதுவானாலும் டாப்பிங்கின் மேல் ஊற்றாமல் பக்கத்தில் வையுங்கள்.

மிச்சத்தை முழுதும் ஆறிய பிறகே மூடி, ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வரை வைக்கலாம். மறுநாள் சூடாக்கும்போது மைக்ரோவேவ் டாப்பிங்கை நமுத்துப்போக வைக்கும். ஓவனில் 170 டிகிரியில், மூடாமல், 15 நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பில் பெரும்பகுதி திரும்பிவிடும். கண்ணாடிப் பாத்திரத்தில் இருந்தால் முதலில் வெளியே எடுத்து அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள், அல்லது வேண்டிய பங்கை மட்டும் வேறு சின்னப் பாத்திரத்துக்கு மாற்றிச் சூடாக்குங்கள்.